சோதனைச் சாவடியிலிருந்து ஆசனப்பட்டிக்கு: அம்பாறைக் கரையோரத்தில் ஒரு வீதிச் சட்டத்தின் பயணம்

2011 ஓகஸ்ட் இறுதியில் இலங்கையின் அவசரகால விதிகள் காலாவதியாகின. ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 1 முதல், வாகனத்தின் சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் ஆசனப்பட்டி அணிவது கட்டாயமாயிற்று. நவம்பர் 27 அன்று தெற்கு அதிவேகப் பாதையின் முதற்பகுதி கொட்டாவையிலிருந்து காலிவரை திறக்கப்பட்டது. டிசம்பரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை வெளியானது. பொலிஸ் நிலையங்களில் எந்நேரமும் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கொழும்பில் இருந்து பத்திரிகை வாசித்தவருக்கு இவை வெவ்வேறு பக்கங்களில் வந்த நான்கு செய்திகள். கல்முனையில் இருந்து பார்த்தால் நான்கும் ஒரே வீதியில் வந்து சேர்கின்றன.

அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் ஆசனப்பட்டிப் பழக்கம் வளர்ந்த விதத்தையும் தடைப்பட்ட விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வீதியில் சீருடையோடு ஒருவர் கைகாட்டி வாகனத்தை நிறுத்தினால் அது பாதுகாப்புச் சோதனை என்று இரு தலைமுறை பழகிய இடம் இது. அதே கை ஒருநாள் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது, மக்கள் அதைப் பழைய காதாலேயே கேட்டார்கள். பட்டி விபத்துக்கு எதிரான காவலாக மனதில் பதியாமல் பொலிஸுக்கு எதிரான காவலாகப் பதிந்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். மக்களின் அறியாமை, விதி நம்பிக்கை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

வீதியும் சாவடியும்

கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலை, நாட்டின் ஏ தர வீதிகளில் மிக நீளமானது. அதன் கிழக்குக் கரைப் பகுதியில் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று ஊர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கடைப் பலகையில் உள்ள ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைவரை ஏறக்குறைய 25 கிலோமீற்றர். இந்தத் தூரத்துக்குள் பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி என எல்லாமே வீதியைப் பார்த்தபடி அமைந்திருக்கின்றன. நெடுஞ்சாலையாகவும் ஊர்த் தெருவாகவும் இந்த ஒரே வீதிதான் இருக்கிறது. சரக்கு லொறியும் மதரசாப் பிள்ளையும் ஒரே ஓரத்தில் போகிறார்கள்.

போர்க்காலத்தில் இந்த வீதியின் ஒழுங்கு போக்குவரத்துச் சட்டத்திலிருந்து வரவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஏட்டில் இருந்தது; நடைமுறையில் வீதி பாதுகாப்புப் படைகளின் கையில் இருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து விசேட அதிரடிப்படை இக்கரையோரத்தில் நிலைகொண்டது. 1990 ஜூனில் விடுதலைப் புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைக் கைப்பற்றி, சரணடைந்த பொலிஸாரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். கல்முனைப் பொலிஸ் நிலையமும் அதில் அகப்பட்டது. அதன்பின் மீண்டும் நிறுவப்பட்ட பொலிஸ், மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த பொலிஸ். அந்நிலையில் வேகத்தையும் பட்டியையும் கவனிக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

சாவடியைக் கடப்பதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. இரவென்றால் தூரத்திலேயே ஹெட்லைட்டை அணைத்து, உள்விளக்கைப் போட வேண்டும். வேகத்தைக் குறைத்து ஊர்ந்து வர வேண்டும். கை தெரியும்படி இருக்க வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, மறுபக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஒரே பயணத்தில் பல முறை இது நேரும். இப்படிப்பட்ட பயணத்தில் உடம்பை ஆசனத்தோடு கட்டிக்கொள்வது இயல்புக்கே விரோதமானது. சட்டெனக் கதவைத் திறக்க வேண்டிவரும் என்பதுதான் அன்றைய பாதுகாப்பு அறிவு. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களிலும் வேன்களிலும் பட்டி இருந்தது உண்மை. புதிய சீட் கவர் தைக்கும்போது கொளுவியைக் கவருக்கு அடியில் தள்ளித் தைத்துவிடுவதும் சாதாரணமாக நடந்தது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மீள்கட்டுமானமும், 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் வந்த வீதித் திட்டங்களும் இக்கரையோரத்துக்குக் கார்ப்பட் வீதியைக் கொண்டுவந்தன. குழிகள் போயின, சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வேகத்தைக் கட்டுப்படுத்திய இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அகன்றது பற்றி நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். குழியும் சாவடியும் யாரும் திட்டமிடாத வேகத்தடைகளாக இருந்தவை. அவை போனதும் வாகனங்கள் ஓடத் தொடங்கின. பட்டிக்கான தேவை உண்மையில் அன்றுதான் பிறந்தது. சட்டம் வந்ததும் அதே வேளையில்தான். ஆனால் வந்த வழி வேறு.

பட்டியின் கதை, எல்மைராவின் கதை

தோளுக்கும் இடுப்புக்குமாக மூன்று இடத்தில் பிணைக்கும் பட்டியை 1959 இல் வொல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின். நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்டது. பட்டியைப் பொருத்துவது எளிதாகியது. மனிதரை அணியவைப்பது அப்படி இருக்கவில்லை. 1970 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகிலேயே முதலாவதாக அணிவதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவில் முன் ஆசனத்துக்கான கட்டாயம் 1983 ஜனவரி 31 இல்தான் வந்தது, அதுவும் பல ஆண்டுகள் பாராளுமன்றத்தில் இழுபட்ட பிறகு. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் 1984 இல் வழிகாட்டியது. தனிமனித சுதந்திரம் பறிபோகிறது என்ற கூச்சல் எல்லா இடத்திலும் எழுந்தது. நம்மவர்கள் மட்டுமே சட்டத்துக்கு முரண்டு பிடிப்பவர்கள் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

இக்கட்டுரைக்கு நியூயோர்க் மாநிலத்தின் சட்டத்தைவிட அதே மாநிலத்தில் உள்ள எல்மைரா என்ற சிறுநகரம் முக்கியமானது. 1985 இல் அங்கே உள்ளூர்ப் பொலிஸார் மூன்று வாரத்துக்கு ஒரு நடவடிக்கை எடுத்தார்கள். முதலில் வானொலியிலும் பத்திரிகையிலும் இன்ன நாளிலிருந்து பட்டியைக் கவனிப்போம் என்று அறிவித்தார்கள். பிறகு எச்சரித்தார்கள். அதன்பின்தான் தண்டம் எழுதத் தொடங்கினார்கள். நடவடிக்கைக்கு முன் பட்டி அணிந்திருந்தவர்கள் 49 விழுக்காடு; முடிவில் 77 விழுக்காடு. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது அது 66 ஆக இறங்கியிருந்தது. நினைவூட்டலாக இன்னொரு குறுகிய நடவடிக்கை எடுத்தார்கள். 80 ஆக ஏறியது.

இந்த நான்கு எண்களையும் வீதிப் பாதுகாப்புப் படித்தவர்கள் பலரும் அறிவார்கள். பெரும்பாலும் அவற்றை வெற்றிக் கதையாகவே எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு 77 இலிருந்து 66 க்கு இறங்கிய அந்த இறக்கம்தான் அதிகம் பேசுகிறது. பொலிஸ் கவனிப்பதை நிறுத்தியதும் அணிந்தவர்களில் ஏழில் ஒருவர் பட்டியைக் கழற்றினார். ஆனால் மற்றவர்கள் தொடர்ந்து போட்டார்கள். பயத்துக்காகத் தொடங்கியது மூன்று வாரத்தில் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 1993 இல் வட கரோலினா மாநிலம் முழுவதும் இதே முறையை எடுத்தபோது அணிபவர்கள் 65 விழுக்காட்டிலிருந்து 81 விழுக்காட்டுக்கு உயர்ந்தார்கள். பத்தாண்டுக்குள் அது அமெரிக்கா தழுவிய ஆண்டு நடவடிக்கையாயிற்று.

அந்த முறையின் உயிர்நாடி முன்னறிவிப்பில் இருந்தது. எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்பது அங்கே இரண்டாம்பட்சம்; எல்லோரும் பார்க்கும்படி நின்றார்கள், நிற்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு நின்றார்கள், குறுகிய காலம் கடுமையாக நின்று விலகி, மறதி தொடங்கும் வேளையில் திரும்பவும் வந்தார்கள்.

"அங்கால பொலிஸ் நிக்கு"

2011 சட்டம் அம்பாறைக் கரைக்கு வந்த விதம் இதற்கு நேர்மாறானது. அது வர்த்தமானியாக வந்தது, பின்னர் தண்டப் பத்திரமாக வந்தது. இடையில் வந்திருக்க வேண்டிய பேச்சு, ஊர் மொழியில் ஊர் வாயால், போதிய அளவு வரவில்லை. கிழக்கில் கடமையிலிருந்த பொலிஸாரில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். வண்டியை நிறுத்தியவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் இடையில் நடந்த உரையாடல் "லைசன்" என்ற ஒற்றைச் சொல்லோடு சுருங்கிப்போகும் சூழல் அது. எதற்காகப் பட்டி என்று சொல்ல மொழியில்லாத இடத்தில் தண்டம் மட்டுமே பேசியது. நல்லிணக்க ஆணைக்குழு அதே ஆண்டில் பொலிஸ் நிலையங்களின் மொழிப் பிரச்சினையைப் பற்றி எழுதியது இனப்பிரச்சினையின் கோணத்தில். அந்தப் பரிந்துரைக்குள் ஒரு வீதிப் பாதுகாப்புப் பரிந்துரையும் இருந்தது என்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

விளைவை இன்றும் வீதியில் காணலாம். எதிரே வரும் லொறி இரண்டு தடவை லைட் அடித்துக் காட்டுகிறது. வேன் சாரதியின் வலது கை ஸ்டியரிங்கை விடாது, இடது கை வலது தோளுக்குப் பின்னால் போய்ப் பட்டியை இழுத்து வருகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் அவர் சொல்கிறார்: "காக்கா, பெல்ட்டப் போட்டுக்குங்க, அங்கால பொலிஸ் நிக்கு." காக்கா பட்டியை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக் கையால் பிடித்துக்கொள்கிறார், கொளுவியில் மாட்டுவதில்லை. சந்தி தாண்டியதும் பட்டி சரேலென்று தன் கூட்டுக்குத் திரும்புகிறது. வெள்ளை ஜுப்பாவில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு புழுதிக் கோடு. ஜும்ஆவுக்குப் போகிறவருக்கு அந்தக் கோடு ஒரு சின்ன விஷயமல்ல. பல மாதம் இழுக்கப்படாத பட்டியில் படிந்திருப்பது கடற்கரை மண்ணும் உப்பும்.

அந்தச் சாரதி தன் காக்காவுக்குச் சொன்ன காரணத்தில் விபத்து இல்லை, பொலிஸ்தான் இருக்கிறது. பொலிஸைத் தூரத்திலேயே அறிந்து, அதற்கேற்ப வாகனத்துக்குள் ஒழுங்கு செய்து, கடந்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது சாவடிக் காலத்தின் கலை. அன்று உள்விளக்கைப் போட்ட கை இன்று பட்டியை இழுக்கிறது. லைட் அடித்து எச்சரிக்கும் பழக்கம் நாடு முழுவதும் உண்டு, அதை இக்கரைக்கே உரியதாக்க முடியாது. ஆனால் தெற்கில் அது சாரதிகளுக்கிடையிலான தோழமை. இங்கே அதற்கு அடியில் இன்னொரு நினைவும் கிடக்கிறது.

இன்னும் கைதேர்ந்தவர்கள் உண்டு. பட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டி எச்சரிக்கை ஒலியை நிறுத்திவைப்பவர்கள். பட்டியில்லாமல் கொளுவியின் நாக்கை மட்டும் வாங்கிச் செருகுபவர்கள். தோள்பட்டியைக் கக்கத்துக்குக் கீழே விடுபவர்கள். கடைசி வகையினர் வேறொரு கடுமையான காயத்துக்குத் தயாராகிறார்கள். பட்டி எலும்பின்மேல் கிடக்க வேண்டும்: மேலே தோளெலும்பு, கீழே இடுப்பெலும்பு. கக்கத்துக்குக் கீழே விட்டால் இடியை வாங்குவது விலாவும் ஈரலும். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது ஏறக்குறைய பத்து மீற்றர் உயரத் தென்னையிலிருந்து விழுவதற்குச் சமம். நகர எல்லைக்குள் சட்டம் அனுமதிக்கும் வேகமே அந்த 50 தான்.

வழக்கமான தண்ட முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொலிஸ் உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரம் தருவார். அதுவே தற்காலிக அனுமதி. 14 நாளுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு நிலையத்துக்குப் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தண்டம் ஆயிரம் ரூபா அளவில் இருந்தாலும், உண்மையான தண்டனை பணத்தில் இல்லை. வாடகைக்கு ஓடுபவருக்கு அரைநாள் உழைப்பு போகிறது; வேறு மாவட்டத்தில் பிடிபட்டால் முழு நாள். அந்த அலைச்சலுக்குப் பயந்தே வீதியோரத்தில் கைக்குள் வைத்துக் கதையை முடிக்கும் ஆசை பிறக்கிறது. கொடுத்தவரும் பேசமாட்டார், வாங்கியவரும் பேசமாட்டார். அப்படி முடிந்த ஒவ்வொரு சந்திப்பும் பட்டியைப் பற்றி எதிர்ப்பாடம் நடத்திவிட்டுப் போகிறது.

தலைக்கவசத்தின் நிழல்

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். வீதியில் இறப்பவர்களிலும் பெரும்பங்கு அவற்றில் போனவர்களும் நடந்து போனவர்களும். ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் பேர்வரை வீதியில் மாளும் நாட்டில் பட்டியால் காப்பாற்றக் கூடியவர்கள் சிறுபான்மையினரே. கல்முனைப் பகுதியில் இது இன்னும் வெளிப்படை. தகப்பன், தாய், டாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் இன்னொன்று என்று குடும்பமே பைக்கில் போகிற ஊர்களில் போக்குவரத்துப் பொலிஸின் கண் முதலில் தலைக்கவசத்தில்தான் விழும். ஓட்டோவில் பட்டியே இல்லை.

எனவே ஆசனப்பட்டி நடவடிக்கை இக்கரையில் தலைக்கவச நடவடிக்கையின் நிழலில்தான் வளர்ந்தது. அதன் பழியும் பட்டியின்மேல் விழுந்தது. 2015 மார்ச்சில் முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸ் முனைந்து, மோட்டார் சைக்கிளோட்டிகளின் எதிர்ப்பில் அது நீதிமன்றம்வரை போனது. குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கான தடை அது. உயிர் காக்கும் பொருளையே பாதுகாப்புச் சந்தேகத்தோடு பார்த்தால், வீதிச் சட்டம் யாருடைய நன்மைக்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

வளைகுடாவில் ஓட்டும் கைகள்

மக்களுக்குப் பட்டியின் அருமை தெரியாது என்ற வாதத்தை உடைக்கும் சான்று இந்த ஊர்களுக்குள்ளேயே இருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை எல்லாவற்றிலும் வளைகுடா நாடுகளில் சாரதியாக உழைத்தவர்கள், உழைப்பவர்கள் உண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2017 ஜூலை முதல் வாகனத்தில் உள்ள அனைவரும், பின் ஆசனம் உட்பட, பட்டி அணிய வேண்டும். தவறினால் 400 திர்ஹமும் சாரதியின் கணக்கில் நான்கு கரும்புள்ளிகளும். சவூதி அரேபியாவில் 2018 மார்ச்சிலிருந்து கமராக்கள் பட்டியில்லாத நெஞ்சைத் தானாகவே கண்டுபிடிக்கின்றன. துபாயில் பத்து வருடம் பட்டியோடு ஓட்டிய அதே மனிதர் ஊருக்கு லீவில் வந்ததும் பட்டியில்லாமல் ஓட்டுகிறார்.

இந்த மாற்றத்தை அவருடைய அறிவால் விளக்க முடியாது. மார்க்க நம்பிக்கையாலும் விளக்க முடியாது. அங்கேயும் அவர் அதே களா கத்ரை, இறைவிதியை, நம்பியவர்தான். அங்கே கமரா ஆள் பார்ப்பதில்லை, பேரம் பேசுவதில்லை, மறப்பதில்லை. இங்கே பிடிபடுவது தற்செயல். தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயம்தான் நடத்தையை மாற்றும் என்று குற்றவியலில் நீண்ட காலமாகச் சொல்லப்படுவதற்கு இதைவிட நேரான ஓர் உதாரணம் தேடத் தேவையில்லை.

அவரை ஏற்றிச் செல்லும் வேனையும் பார்க்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் பயணம் இவ்வூர்களின் ஒரு குடும்பச் சடங்கு. பெரும்பாலும் ஹையேஸ். இரவு இஷாவுக்குப் பின் புறப்பட்டு, மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை வழியாகவோ, மஹியங்கனை வளைவுகளில் ஏறி கண்டி வழியாகவோ விடியுமுன் சேர வேண்டும். வழியனுப்பப் பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மச்சான்மார். இடையில் விரிக்கும் மடிப்பு ஆசனங்களில் பட்டி கிடையாது. பின்வரிசைகளில் இருந்தது எப்போதோ கவருக்குள் போய்விட்டது. நள்ளிரவுக்குப் பின் வேனில் விழித்திருப்பது சாரதி ஒருவர். சிலவேளை அவரும் அரைக்கண். தாயின் மடியில் உறங்கும் பத்துக் கிலோப் பிள்ளையை 50 கிலோமீற்றர் வேக மோதலில் கையால் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 2011 விதி இந்த வேனில் இரண்டு பேரைப் பற்றி மட்டுமே பேசியது. மற்றவர்கள் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

முன் ஆசனத்தில் பட்டி உயிரிழப்பை 45 முதல் 50 விழுக்காடு குறைக்கிறது, பின் ஆசனத்தில் உயிரிழப்பையும் கடுமையான காயத்தையும் 25 விழுக்காடு குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பின் ஆசனப் பலன் குறைவு என்று அதை வாசிப்பது தவறு. பட்டியில்லாத பின்வரிசைக்காரர் மோதலில் முன்னால் பறந்து பட்டி போட்டவரையும் நசுக்குகிறார். 2022 செப்டெம்பர் 4 இல் மும்பைக்கு அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த காரின் பின் ஆசனத்தில் பட்டியில்லாமல் இறந்தபின்தான் இந்தியாவில் பின் ஆசனம் பேசுபொருளாயிற்று. இங்கே அப்படியொரு பெயர் தேவைப்படவில்லை, கிடைக்கவும் இல்லை.

சாவடி திரும்பிய ஆண்டும் அதன் பின்னும்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்த மோதலும் வெடிப்பும் இக்கரையின் வீதி வரலாற்றையும் பின்னோக்கித் தள்ளின. அவசரகால விதி திரும்பியது, ஓகஸ்ட்வரை நீடித்தது. சாவடிகள் முளைத்தன. பள்ளிக்கூடப் பைகூடச் சோதிக்கப்பட்டது. எட்டு வருடமாகப் போக்குவரத்துக் கண்ணோடு வீதியில் நின்ற பொலிஸ், ஒரே வாரத்தில் பழைய பார்வைக்குத் திரும்பியது. மக்களும் பழைய உடல்மொழிக்குத் திரும்பினார்கள். அந்தச் சூழலில் ஒருவரைப் பட்டிக்காக நிறுத்தியிருந்தாலும் அவர் மனம் பட்டியிலா இருந்திருக்கும்?

2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. ஐந்து வருடம் பழைய வாகனங்களே ஓடின. கடற்காற்றில் கொளுவி துருப்பிடிக்கும், சுருள் இறுகும், இழுத்தால் வராது, வந்தால் திரும்பாது. பிரேக்குக்குப் பணம் தேடிய காலத்தில் பட்டியை யார் மாற்றுவார்? ரூபா சரிந்தபின் பழைய அளவிலேயே நின்ற தண்டமோ ஒரு கொழும்புப் பயணத்தின் டீசல் செலவுக்குப் பக்கத்தில் சில்லறை.

2025 மே 11 இல் கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபின் அரசாங்கம் வேகமாக நகர்ந்தது. போக்குவரத்து அமைச்சர் பிமல் ரத்நாயக்கவின் அமைச்சு ஜூலை 1 முதல் பஸ் சாரதிகளுக்குப் பட்டியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டின் பிற்பாதியில் அதிவேகப் பாதையில் செல்லும் எல்லாப் பயணிகளுக்கும் அதை விரிவாக்கியது. பதினான்கு வருடத்தில் பின் ஆசனம் சட்டத்துக்குள் வந்தது இப்படித்தான். ஆனால் அம்பாறைக் கரையில் அதிவேகப் பாதை இல்லை. நமது விமான நிலைய வேன் இருட்டில், வளைவில், யானை குறுக்கிடும் காட்டில் ஐந்தாறு மணிநேரம் பட்டியில்லாமல் ஓடி, நேரான, எதிர்வாகனம் இல்லாத பாதையின் நுழைவாயிலில் பட்டி அணிகிறது, அணிய ஒன்று இருந்தால்.

அதே ஆண்டில் குருநாகல் அனுராதபுரம் வீதியில் இணையவழித் தண்டக் கட்டணம் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. கைப்பேசியில் அந்த இடத்திலேயே கட்டலாம். லஞ்சத்துக்கு நல்ல மருந்து. ஆனால் அலைச்சல்தான் உண்மையான தண்டனை என்று மேலே சொன்னது சரியென்றால், அந்தத் தண்டனையையும் இது நீக்கிவிடுகிறது. வசதி உள்ளவருக்குத் தண்டம் வீதிச் சுங்கம் போலாகாமல் இருக்க வேண்டுமானால் பிடிபடும் நிச்சயம் கூட வேண்டும்.

பள்ளிவாசலும் புகைச் சோதனையும்

எல்மைராவில் முன்னறிவிப்புச் செய்தது உள்ளூர் வானொலி. இக்கரையில் அதைவிட வலுவான ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஜும்ஆவை நிறுத்தச் சொன்னபோது, நூற்றாண்டுகளாக நிற்காத தொழுகை ஒரே வாரத்தில் நின்றது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டபோது, வெளியே வராதீர்கள் என்ற செய்தியை வீடுவீடாகச் சேர்த்ததில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குப் பங்கு உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை அறியாதவர் இவ்வூர்களில் இல்லை. வெள்ளிக்கிழமைக் கொத்பா உரையில் பட்டிக்கு இடம் தேட ஓர் உலமா சிரமப்பட வேண்டியதில்லை.

நடவடிக்கை எப்படி இருக்கலாம் என்பதற்கு உதிரிப்பாகங்கள் எல்லாம் கையிலேயே உண்டு. ஹஜ் பெருநாளுக்கு இரண்டு கிழமை முன், வெளியூரில் இருப்பவர்கள் திரும்பும் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்களில் அறிவிப்பு. காரைதீவில் கோயில் வழியாகவும் அதே அறிவிப்பு. வீதி இரு சமூகத்துக்கும் ஒன்றுதான். அடுத்த கிழமை தமிழ் பேசும் பொலிஸார் பட்டப்பகலில், மறையாமல், தண்டம் எழுதாமல் எச்சரிக்கை. அதற்கடுத்த கிழமை தண்டம். நான்கு மாதம் கழித்துத் திரும்பவும். பள்ளிவாசல் நிருவாகிகளும் பொலிஸும் சந்திக்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் நிகழ்ச்சி நிரலில் திருட்டும் போதைப்பொருளும் இருப்பதுபோல் பட்டியும் இருக்கலாம். ஓர் எச்சரிக்கை: பள்ளிவாசல் பொலிஸின் ஒலிபெருக்கி என்ற தோற்றம் வந்துவிட்டால் இரண்டுக்கும் கெடுதி. 2019 க்குப் பின் அந்தக் கோடு மிக மெல்லியது. எனவே அறிவிப்பு வாகன உரிமையாளர்களும் வாடகைச் சாரதிகளும் கேட்டுக்கொண்டதாக வருவது நல்லது. விமான நிலைய வேன் ஓட்டுபவர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான்.

இவை எல்லாம் நடந்தாலும் பின்வரிசையில் பட்டியே வேலை செய்யாத வேனுக்கு அறிவுரை பயனில்லை. தனிப்பட்ட வாகனம் ஒன்றின் வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் வேண்டும். புகைச் சோதனை நிலையத்தில் வாகனம் சில நிமிடம் அசையாமல் நிற்கிறது. குழாயைச் செருகி, அக்ஸிலரேட்டரை மிதித்து, அளவை எடுத்து அனுப்புகிறார்கள். அந்த நேரத்துக்குள் ஒருவர் ஒவ்வொரு வரிசையிலும் பட்டியை இழுத்து, கொளுவியில் மாட்டி, விடுவித்துப் பார்த்துவிடலாம். அதற்குப் புதிய கருவியோ தனிக் கட்டடமோ வேண்டியதில்லை. சான்றிதழில் இன்னொரு வரியும் அதை விதிக்கும் ஒரு வர்த்தமானியும் போதும்.